சுவரில் இரண்டு தடம்

உத்தியோகப் பட்டியலில் அவள் 'உதவியாளர், இரண்டாம் நிலை'. அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் வாசல் காவல்காரரே முழிப்பார். "டேப்பக்கா எங்க?" என்று கேட்டால் அந்த விளையாட்டு விடுதியில் படுத்துக் கிடக்கிற நாய்கூட எழுந்து வழி காட்டும்.

கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தாலும் வைப்பாளே தவிர, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக் கழற்ற மாட்டாள். புருஷனோடு சண்டை போடும்போதும் அது தொங்கும். "இவ கோவிச்சுக்கிட்டுப் போனா எவ்ளோ தூரம் போனான்னு அவளே அளந்து சொல்லிடுவா" என்பது அந்த மனிதரின் பழைய நகைச்சுவை. அவர் தையல்காரர். கடைத்தெருவின் இரண்டாவது சந்தில் ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், வெட்டுத்துணி மூட்டை, இவ்வளவுதான் கடை.

டேப்பக்கா இந்த விடுதிக்குள் வந்ததே அந்தக் கடையால்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் விடுதியின் பெண் பிள்ளைகளுக்கு நிக்கரும் பனியனும் தைக்க ஆர்டர் வந்தது. பதினாலு வயசு இத்தனை பேர், பதினஞ்சு வயசு இத்தனை பேர் என்று குமாஸ்தா வயசு வாரியாக எழுதிக் கொடுத்துவிட்டார். தையல்காரரும் வயசைப் பார்த்து வெட்டித் தள்ளிவிட்டார். போட்டுப் பார்த்த அன்றைக்கு மைதானமே சிரிப்பாய்ச் சிரித்தது. நீச்சல்காரி ஒருத்தி கையைத் தூக்கியதும் முதுகுத் தையல் பர்ரென்று போனது. ஓட்டக்காரி ஒருத்திக்கு நிக்கர் இடுப்பிலேயே நிற்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அப்படி ஓடியும் அவள்தான் முதலில் வந்தாள் என்று ஒரு பேச்சு உண்டு. பார்த்தவர்கள் யாரும் இன்றுவரை சத்தியம் செய்யவில்லை.

பெண் பிள்ளைகள் என்பதால் திரும்ப அளவெடுக்க மனைவியை அனுப்பினார் தையல்காரர். எட்டாவதைப் பாதியில் விட்டவள் அவள். ஆனால் எண் என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒரே பெஞ்சில் நாலு பிள்ளைகள், நாலும் பதினஞ்சு வயசு. எடை தூக்குகிறவளின் தொடை ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓட்டக்காரியின் இடுப்பு ஐம்பத்தொன்பது. நம்பாமல் இரண்டாம் தரம் அளந்தாள். அப்புறம் வீட்டுக்குப் போய் வயசுக் காகிதத்தை மடித்து எறிந்துவிட்டு, நோட்டில் ஆட்டத்துக்கு ஒரு பக்கம் என்று கோடு போட்டு எழுதினாள். அந்தத் தடவை தைத்தது அத்தனையும் கச்சிதம்.

அன்றைய வார்டன் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "நீளம் தாண்டுறதுக்கு டேப் பிடிக்க ஆளில்ல, ஒரு நாளைக்கு வந்துட்டுப் போறியா?" என்றாள். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை.

அவள் அளக்கிற முறையே தனி. நின்றுகொண்டு எட்டிப் பார்த்து எண் சொல்ல மாட்டாள். முட்டி போட்டு, கண்ணை டேப்பின் மட்டத்துக்கு இறக்கி, மூச்சைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு தரம் சொல்வாள். அரை சென்டிமீட்டர் என்றால் அரைதான். சொந்தத் தங்கை மகள் விடுதித் தேர்வுக்கு வந்தபோது இரண்டு சென்டிமீட்டரில் இடம் போனது. "உன் கை கொஞ்சம் நகர்ந்தா வானமா இடிஞ்சு விழுந்துடும்?" என்று தங்கை கேட்டாள். "வானம் இடியாது, டேப்பு சிரிக்கும்" என்றாள் இவள். மூணு வருஷம் தங்கை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக்கூட இவளுக்கு இடமில்லாமல் போயிற்று.

பத்தொன்பது வருஷத்தில் பிள்ளைகளின் உடம்பு அவளுக்கு மனப்பாடம். வருகிறவளின் நடையைப் பார்த்தே ஆட்டத்தைச் சொல்லிவிடுவாள். நீச்சல்காரிகள் தரையில் நடக்கும்போது யாரோ இரவல் கொடுத்த கால் மாதிரி நடப்பார்கள். தண்ணீரில் இறங்கினால் அதே கால் துடுப்பாகிவிடும். நெடுந்தூரம் ஓடுகிறவளுக்கு மூச்சு வற்றாத கிணறு மாதிரி, ஆனால் குனிந்து தன் கால் கட்டைவிரலைத் தொடச் சொன்னால் முட்டிக்குக் கீழே போக மாட்டாள். ஜிம்னாஸ்டிக்ஸ் குட்டிகளுக்கு எலும்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். வில்லுக்காரிகளை ஓடச் சொன்னால் சுமார்தான், நிற்கச் சொன்னால் ஈ வந்து மூக்கில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போகும்.

அவர்களில் குண்டுமணி எடை தூக்குகிறவள். வயசு பதினஞ்சு, உயரம் நூற்று நாற்பத்தெட்டு, உருண்டு திரண்டு பளபளவென்று இருப்பாள். பெயர் வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவளுக்கு வாய் சரியில்லை, கண் சரியாக இருந்தது. தன் உடம்பைவிட இருபத்திரண்டு கிலோ அதிகமான கம்பியைத் தலைக்கு மேலே ஏற்றி, அங்கே நிறுத்தி, பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுத்தான் கீழே போடுவாள். ஆனால் மாடிப்படி ஏறச் சொன்னால் பாதியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இங்கயே ஒரு ரூம் கட்டிக் குடுங்களேன்" என்பாள்.

வம்பு புது அதிகாரி வடிவில் வந்தது. நல்ல மனுஷன்தான். குரலை உயர்த்த மாட்டார், எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், கணினியில் ஏற்றாத விஷயம் நடக்கவே இல்லை என்று நம்புவார். மேலிடத்திலிருந்து அவருக்கு ஒரு உத்தரவு: விடுதியில் இருக்கும் நாற்பத்தாறு பிள்ளைகளை நாற்பதாக்க வேண்டும். அவர் உட்கார்ந்து யோசித்து மார்க் போடுகிற படிவமாக ஒரு பாரம் தயாரித்தார். ஆறு சோதனை, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க், எல்லா ஆட்டத்துக்கும் ஒரே பட்டியல். கடைசி ஆறு பேர் வீட்டுக்கு.

"ஒரே அளவுகோல், ஒரே நியாயம்" என்று கூட்டத்தில் சொன்னார். ஓட்டப் பயிற்சியாளர் முதல் ஆளாய்க் கை தட்டினார். அவருக்கென்ன, ஆறில் மூணு சோதனை ஓடுகிறவர்களுக்குச் சாதகம். டேப்பக்காவுக்கு ஏனோ வயசு வாரியாகத் தைத்த நிக்கர் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நிலை உதவியாளர் கூட்டத்தில் பேசினதாக அந்தக் கட்டடத்தில் சரித்திரம் இல்லை.

சோதனைக்கு முந்தின நாள் குண்டுமணி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் கடைசி ஆறுலதான் வருவேன், இல்ல?"

"ஏண்டி இப்பவே ஒப்பாரி வைக்கற?"

"வீட்டுக்குப் போனா பெரியப்பா கடையில மூட்டை தூக்கச் சொல்லுவாங்க. போன லீவுலயே சொன்னாங்க, இவ்ளோ தூக்கறவ இதத் தூக்க மாட்டியான்னு."

"தூக்கினா என்ன, எடைதானே?"

"கம்பி வேற, மூட்டை வேறக்கா. மூட்டைக்கு யாரும் கை தட்ட மாட்டாங்க."

டேப்பக்கா சிரித்துவிட்டாள். அன்று முழுக்க அந்த வார்த்தை செருப்பில் மாட்டின கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் எடைப் பயிற்சியாளர் வேறு டீ கிளாஸோடு வந்து நின்றார். "அக்கா, நாளைக்கு நம்ம பொண்ணுக்கு மட்டும் டேப்ப கொஞ்சம் தளர்வா..." என்று இழுத்தார்.

"டீ ஆறிடும் மாஸ்டர், குடிங்க" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சோதனை நாளன்று முதலில் பீப் ஓட்டம். இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. ஒலிபெருக்கி பீப் என்று கத்துவதற்குள் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குப் போய்விட வேண்டும். போகப் போக பீப்புக்கு அவசரம் வந்துவிடும்; வேகம் கூடக் கூட ஒவ்வொரு படி என்று கணக்கு. காத்தாடி என்கிற ஓட்டக்காரி பதினோராம் படிவரை போய், போதும் என்று சொன்ன பிறகும் ஓடிக்கொண்டிருந்தாள். குண்டுமணி நாலாம் படியில் கோட்டுக்குப் போகிற வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைப்பிடி அழுத்தத்தில் கதை தலைகீழ்: காத்தாடி இருபத்தோரு கிலோ, குண்டுமணி நாற்பத்து நாலு. ஆனால் பாரத்தின் கணக்கில் முப்பதுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அதே பத்து மார்க்தான்.

கடைசியில் சுவர்க் குதிப்பு. பயிற்சிக் கூடத்தின் உள்சுவரில் கருப்புச் சாயம் அடித்த ஒரு பட்டை உண்டு. விரல் நுனியைச் சாக்பீஸ் பொடியில் தோய்த்து, சுவரோரம் நின்று கையை உயர்த்தித் தொட்டால் ஒரு தடம். நின்ற இடத்திலிருந்தே எம்பித் தொட்டால் மேலே இன்னொரு தடம். டேப்பக்கா பத்தொன்பது வருஷமாக இரண்டையும் எடுத்து, பக்கத்தில் பிள்ளையின் நம்பரைப் போட்டு, கீழ்த்தடத்தை மேல்தடத்தில் கழித்துத்தான் எழுதுவாள். அன்றும் இரண்டு தடம் எடுத்தாள். ஆனால் பாரத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது: 'தொட்ட உயரம்'. 'கழிக்கிறதெல்லாம் கணினி கழிச்சுக்கும் போல' என்று நினைத்து மேல்தடத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். குண்டுமணி நாற்பத்து மூன்றாவது. சனிக்கிழமை மத்தியானம் அப்பா வந்து கூட்டிப்போவதாகப் போனில் பேசி முடித்துவிட்டு, அவள் பயிற்சிக் கூடத்துக்குப் போய்க் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டேப்பக்கா பட்டியலின் முன்னால் நின்று விரல் வைத்துப் படித்தாள். சுவர்க் குதிப்பில் குண்டுமணிக்கு மூன்று மார்க். கைப்பந்து ஆடுகிற, கொடிக்கம்பம் என்று பேர் வாங்கின பெண்ணுக்கு எட்டு. இந்தக் கணக்கைப் பார்த்து எவளாவது சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். கொடிக்கம்பம் நல்ல பிள்ளை. நூற்று எண்பத்திரண்டு உயரம். ஸ்டூல் தேவைப்படாமல் டேப்பின் மேல்முனையைப் பிடித்துக் கொடுக்கிறவளே அவள்தான். ஆனால் குதிக்கச் சொன்னால் பூமியைப் பிரிய மனசில்லாதவள் மாதிரி எம்புவாள். டேப்பக்கா நேரே கூடத்துக்குப் போனாள். தினமும் ஈரத்துணியால் துடைக்கிற சுவரை அன்று துடைக்காமல் விட்டாள்.

சனிக்கிழமை காலை அதிகாரியை அவரே வருகிறபடி செய்தாள். 'சுவர் அழுக்காய் இருக்கிறது' என்று காவல்காரர் மூலம் சொல்லி அனுப்பினாள். சுத்தம் என்றால் அவருக்கு உயிர்.

"ஏங்கக்கா இன்னும் துடைக்கல?"

"துடைச்சா சாட்சி போயிடும் சார்."

"என்ன சாட்சி?"

"ஒவ்வொரு நம்பருக்கும் ரெண்டு தடம் பாருங்க. கீழ இருக்கறது நின்னுக்கிட்டே தொட்டது. மேல இருக்கறது குதிச்சுத் தொட்டது. உங்க பாரத்துல மேல இருக்கறது மட்டுந்தான் ஏறியிருக்கு."

"அதானே குதிச்ச உயரம்?"

"சார், கோவிச்சுக்காதீங்க. அப்படியே சுவரோரம் நின்னு கையத் தூக்குங்க. குதிக்க வேணாம்."

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுத் தூக்கினார். நல்ல உயரமான ஆள். டேப்பக்கா ஸ்டூலில் ஏறி, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இருநூத்தி முப்பத்தி மூணு. உங்க கணக்குப்படி குதிக்காமலே உங்களுக்கு ரெண்டு மார்க் சார். நம்ம குண்டுமணி உசிரக் குடுத்துக் குதிச்சு இருநூத்தி நாப்பத்தி ஒண்ணு. அதுக்கு மூணு மார்க்."

அதிகாரி கையை இறக்க மறந்து நின்றார்.

"குண்டுமணி கீழ்த்தடம் நூத்தி எண்பத்தேழு. கழிச்சா அம்பத்தி நாலு. இந்த விடுதியில இவ்ளோ யாரும் எம்பல, காத்தாடிகூட. கொடிக்கம்பம் எம்பினது முப்பத்திரெண்டு."

"எடை தூக்கறவ எப்படிங்க இவ்ளோ குதிப்பா?"

"கம்பிய மேல தூக்கறதே தரைய உதைச்சுத்தானே சார். தினம் அதான் பண்றா. மூச்சு மட்டுந்தான் சின்னது."

அவர் நேரே அறைக்குப் போய்த் திருத்தினார். அரை மணியில் புதுப் பட்டியல் வந்தது. குண்டுமணி முப்பத்தாறுக்கு ஏறிவிட்டாள். டேப்பக்காவுக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. இந்த வயசில் எத்தனை சென்டிமீட்டர் வரும் என்று யோசித்து விட்டுவிட்டாள். அப்புறம்தான் பட்டியலின் அடிப்பக்கம் கண் போனது. நாற்பத்தொன்றாவது, கொடிக்கம்பம்.

அங்கேயே பேசாமல் இருந்திருக்கலாம். அவள் காப்பாற்ற நினைத்தவள் தப்பித்துவிட்டாள். கணக்கும் இவள் சொன்ன கணக்குதான். யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. மணி பதினொன்று. டேப்பக்கா கழுத்து நாடாவின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாழ்வாரத்தில் நின்றாள். பிறகு அலமாரியைத் திறந்து, தன் பழைய நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபடி அதிகாரி அறைக்குள் போனாள்.

"சார், இதுவும் தப்பு."

"அக்கா! கழிக்கணும்னு நீங்கதானேங்க சொன்னீங்க?"

"குண்டுமணிக்குக் கழிக்கணும். கொடிக்கம்பத்துக்குக் கழிக்கக் கூடாது."

"ஆளுக்கொரு நியாயமா?"

"ஆளுக்கொண்ணு இல்ல சார், ஆட்டத்துக்கொண்ணு. வலைக்கு மேல கை எவ்ளோ உசரம் போகுதுங்கறதுதான் பந்துக்குக் கணக்கு. குதிச்சுப் போச்சா, வளந்தே போச்சான்னு பந்து கேக்குமா? அந்தப் பொண்ணு தொட்ட உயரம் கைப்பந்துல மூணாவது. எடை தூக்கறவளுக்குத் தொட்ட உயரம் எதுக்கு? சுவத்துல ஒட்டடையா அடிக்கப் போறா?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டைப் பிரித்தார். ஆட்டத்துக்கு ஒரு பக்கம், பத்தொன்பது வருஷம், கோணல் மாணல் எழுத்து; ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. எடை தூக்குகிறவர்கள் பக்கத்தில் பீப் ஓட்டம் ஆறாம் படியைத் தாண்டினவள் ஒருத்தியும் இல்லை. அதே பக்கத்தில் பதக்கம் வாங்கினவர்கள் பெயருக்கு மேல் பென்சிலால் ஒரு சின்னச் சுழி, எண்ணினால் ஒன்பது. வில்லுக்காரிகள் பக்கத்தில் எல்லா எண்ணும் நடுத்தரம், சுழி மட்டும் ஏழு.

"இதையெல்லாம் யாருங்க எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நிக்கர் தைக்கறதுக்கு எழுதினேன். அப்படியே பழக்கமாயிடுச்சு."

அதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு மேலிடத்துக்குப் போன் செய்தார். வெளியே வந்தபோது முகம் பாதி வெளிச்சம், பாதி நிழல். ஆட்டத்துக்கு ஒரு பட்டியல் போட ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நாற்பது என்பது நாற்பதுதான். ஆறு ஆட்டம், ஒவ்வொன்றிலும் கடைசியாக வருகிறவள் போக வேண்டும்.

டேப்பக்கா நோட்டை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார, அவர் தட்ட, பன்னிரண்டரைக்கு ஆறு பட்டியல் ஒட்டப்பட்டது. எடை தூக்குவதில் குண்டுமணி இரண்டாவது. கைப்பந்தில் கொடிக்கம்பம் ஐந்தாவது. நீச்சலில் கடைசியாக வந்தவள் முந்தைய பட்டியலில் இருபதாவதாய் நிம்மதியாக இருந்தவள். அவள் நேரே வந்து டேப்பக்கா முன்னால் நின்றாள்.

"நீங்க வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் இருந்திருப்பேன்."

"ஆமாண்டி" என்றாள் டேப்பக்கா.

"உங்களாலதான் போறேன்."

"ஆமா. திட்டிக்கோ."

அந்தப் பிள்ளை திட்டவில்லை. அழுதாள். அழுது முடிகிறவரை டேப்பக்கா அங்கேயே நின்றாள். ஒரு சமாதானமும் சொல்லவில்லை. அளந்ததில் பொய் சொல்லாதவள் ஆறுதலிலும் பொய் சொல்ல மாட்டாள் போலிருக்கிறது. முடிவில், "உன் தோள் அளவு என் நோட்டுல இருக்கு. அடுத்த வருஷத் தேர்வுக்கு வா. அன்னிக்கும் நான்தான் டேப் பிடிப்பேன், ஒரு நூல் கூட்டிப் போட மாட்டேன், ஒரு நூல் குறைக்கவும் மாட்டேன்" என்றாள். பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தெரியும்" என்றாள்.

இதெல்லாம் ஒன்றும் தெரியாமல் குண்டுமணி வாசலில் தன் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் மாடியிலிருந்து அதைத் தானே இறக்கிக் கொண்டுவந்திருந்தாள். அப்பா லாரியை நிறுத்திவிட்டு வந்து அப்போதுதான் பெட்டியில் கை வைத்தார். தூக்கிப் பார்த்தார். பெட்டி அசையவில்லை. "என்னம்மா வெச்சிருக்க, கல்லா?"

"புத்தகந்தாம்பா. அப்புறம் நாலு இரும்புத் தட்டு. மாஸ்டர் பழசு குடுத்தாரு."

"அடியே, பெட்டிய மேல கொண்டு போ" என்று கத்திக்கொண்டே டேப்பக்கா வந்தாள். "நீ இங்கதான் இருக்க."

குண்டுமணி எழுந்து நின்றாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. டேப்பக்கா வாயிலிருந்து வந்தால் அது அளந்து பார்த்த சொல். அப்பாதான், "என்னங்க, நெசமாவா? நான் லோடு ஏத்தாம காலி வண்டியோட வந்திருக்கேனே" என்றார்.

"காலியாவே போங்கண்ணே. நல்ல விஷயந்தான்."

கொடிக்கம்பமும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்து பெட்டியின் மூன்று பக்கம் பிடித்தார்கள். முக்கினார்கள், முனகினார்கள். பெட்டி முதல் படியில் ஏறி, இரண்டாவதில் உட்கார்ந்துகொண்டது. "தள்ளுங்கடி" என்று குண்டுமணி குனிந்தாள். முதுகு நேராக, முட்டி மடக்கி, ஒரே மூச்சில் பெட்டி அவள் நெஞ்சுக்கு வந்துவிட்டது. முதல் மாடி வளைவு வரை போனாள். அங்கே நின்றுவிட்டாள். முகம் சிவந்து, வாய் திறந்து, கண் வெளியே வந்து நின்றது. பெட்டியை இறக்கவில்லை, மூச்சுதான் இல்லை.

காத்தாடி இரண்டு இரண்டு படியாய்த் தாவி அவளைக் கடந்து மேலே போய், திரும்ப இறங்கி வந்து, "என்னடி, இங்கயே ரூம் கட்டிக்கிறியா?" என்றாள்.

"நீ... இதத்... தூக்கிக்காட்டு... அப்புறம்... பேசு."

"என்னால முடியாது. நான் வேணா பக்கத்துல ஓடி வரேன்."

கீழே நின்று மகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "ஏங்கம்மா, மாடி ஏறவே இவ்ளோ திணறுதே புள்ள, இவளையா வெச்சுக்கப் போறீங்க?" என்று கவலையாய்க் கேட்டார்.

டேப்பக்கா தலையைத் திருப்பவில்லை. மேலே வளைவில் பெட்டியோடு நிற்கிறவளின் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுங்குகிறதா என்று. நடுங்கவில்லை.

"மூச்சு மெதுவா வரட்டும்ணே" என்றாள். "அவசரமில்ல."